தெரிவு செய்யும் சுதந்திரம் மனத்துக்கு நலமா, சுமையா?

கோத்தகிரிக்காரன்:
கோவையில் கணக்காளராக இருக்கிறேன். அப்பாவால் இனி எங்கள் தேயிலைத் தோட்டத்தைப் பராமரிக்க முடியாது. கவாத்து செய்யாததால் செடிகள் கொழுந்து பறிக்கக் கை எட்டாத உயரத்துக்கு வளர்ந்துவிட்டன. ஊர் திரும்பலாம், குத்தகைக்கு விடலாம், விற்கவும் செய்யலாம். வீட்டில் எவரும் வற்புறுத்தவில்லை. "உன் விருப்பம்" என்கிறார்கள். அந்தச் சொல்லே என் தூக்கத்தைக் கெடுக்கிறது. சுதந்திரம் மனிதனுக்கு விதிக்கப்பட்ட தண்டனை என்கிறார் பிரெஞ்சுத் தத்துவஞானி சார்த்தர். சுயமாக முடிவெடுப்பது மனநலத்துக்கு அவசியம் என்கிறது உளவியல். இவை எப்படிப் பொருந்தும்?

குன்னூர் வாசகி:
முரண் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பதற்றம் என்பது சுதந்திரத்தின் தலைசுற்றல் என்று டென்மார்க் தத்துவஞானி கீர்க்ககார்டு 1844-லேயே எழுதினார். எங்கள் ஊர்ப்பக்க மலைமுகடான டால்பின் நோஸ் விளிம்பில் நின்று கீழே பார்த்தவருக்கு அது விளங்கும்: பள்ளம் மட்டுமல்ல, பார்க்கும் கண்ணும் அதற்குக் காரணம். ஆகவே உங்கள் கலக்கத்தை நோய் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம்.

மேல்மலை:
சார்த்தரின் 1945-ஆம் ஆண்டு உரையில் ஏறத்தாழ உங்கள் நிலையில் ஒரு மாணவர் வருகிறார்: தாயுடன் இருப்பதா, இங்கிலாந்து சென்று பிரான்சின் விடுதலைப் படையில் சேர்வதா? "நீ சுதந்திரமானவன், தெரிவு செய்" என்பதே அவருக்குக் கிடைத்த பதில். யாரிடம் ஆலோசனை கேட்கிறோம் என்பதிலேயே பாதி முடிவு அடங்கிவிடுகிறது என்றும் சார்த்தர் சொல்கிறார் (நீங்கள் வேளாண் அலுவலரிடம் போகாமல் எங்களிடம் வந்திருக்கிறீர்கள்!). தத்துவமாக அந்தப் பதில் சரி, ஆறுதலாகப் போதாது. உளவியலாளர்கள் டெசியும் ரயனும் வகுத்த சுயநிர்ணயக் கோட்பாடு, தன்னாட்சியோடு (சுயமாக முடிவெடுப்பதோடு) திறமையுணர்வையும் பிறருடனான பிணைப்பையும் அடிப்படைத் தேவைகளாகச் சேர்க்கிறது; தன்னாட்சி என்றால் தனித்து நிற்பது என்று அது பொருள்கொள்வதில்லை. "உன் விருப்பம்" என்று சொல்லிவிட்டு வீட்டார் ஒதுங்கும்போது உங்களுக்கு உரிமை கிடைக்கிறது, துணை கிடைப்பதில்லை. தோட்டம் என்னவாக வேண்டும் என்று அப்பா நினைக்கிறார் என்பதை வெளிப்படையாகக் கேளுங்கள். கேட்பதால் உங்கள் சுதந்திரம் குறைந்துவிடாது. பச்சைத் தேயிலையின் விலை உங்கள் கையில் இல்லை என்பதையும் கணக்கில் வையுங்கள். சார்த்தரும் சுதந்திரத்தைச் சூழ்நிலைக்கு வெளியே வைத்ததில்லை.

கொடை மருத்துவ மாணவி:
மேலே சொன்னவற்றை ஏற்கிறேன், ஒரு திருத்தத்துடன். தூக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்தாலோ, பசியும் வேலையில் கவனமும் குறைந்தாலோ, அதைத் தத்துவச் சிக்கலாக மட்டும் கருதாமல் மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மனாஸின் எண் 14416-இல் தமிழிலும் பேசலாம். தோட்டத்தை ஓராண்டுக்கு மட்டும் குத்தகைக்கு விட்டால் அது முடிவெடுப்பதிலிருந்து தப்பித்தலாகாதா என்று அடுத்துக் கேட்பீர்கள். அந்த ஓராண்டில் எதைத் தெரிந்துகொள்ளப் போகிறீர்கள் என்று உங்களால் சொல்ல முடிந்தால் அது தப்பித்தலாகாது.