டீசல் கொட்டிய மண்ணுக்கு அசோஸ்பைரில்லம் போதுமா?

கேள்வி:
மோட்டார் கொட்டகை ஓரம் எஞ்சின் டேங்க் கசிந்து 5 லிட்டர் டீசல் மண்ணில் இறங்கிவிட்டது. ஆறடிக்கு நாலடி இடம், முக்கால் அடி ஆழம்வரை வாடை. தண்ணீர் ஊற்றினால் முத்து முத்தாக உருள்கிறது. காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துப் பயிருக்குத் தரும் பாக்டீரியா உரமான அசோஸ்பைரில்லம் கைவசம் உள்ளது, அதைத் தூவினால் தேறுமா?

பதில் 1:
அதை வயலுக்கே வைத்துக்கொள்ளுங்கள். டீசலைத் தின்னும் சூடோமோனாஸ், ரோடோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் மண்ணிலேயே உண்டு. அவற்றுக்குப் பற்றாக்குறை காற்றும், தழைச்சத்து எனும் நைட்ரஜனும்தான். 5 லிட்டர் டீசலில் கார்பன் மட்டும் சுமார் 3.6 கிலோ. கார்பன் 100 பங்குக்கு நைட்ரஜன் 10, பாஸ்பரஸ் 1 என்று போட்டால் யூரியா 800 கிராம், சூப்பர் பாஸ்பேட் அரை கிலோ வரும். யூரியாவை மொத்தமாகக் கொட்டினால் அமோனியா கிளம்பி நுண்ணுயிரையே கொல்லும். பதினைந்து நாளுக்கு ஒரு பங்காக மூன்று தடவை போடுங்கள்.

மண்ணை வெட்டி எடுத்துத் தார்பாயில் அரையடி உயரம் பரப்பி, மக்கிய தொழு உரம் நாலு கூடை கலந்து, வாரம் ஒருமுறை கிளறுங்கள். கைப்பிடி மண்ணை அழுத்தினால் உருண்டை நிற்க வேண்டும், விரலிடுக்கில் நீர் கசியக் கூடாது. கசிந்தால் காற்று அடைபட்டு வேலை படுத்துவிடும். மழைக்கு மூடிவையுங்கள்; கிணற்றுக்குள் வழிந்தால் பெரும் சேதம்.

பதில் 2:
இந்தக் கணக்கு டீசலுக்கு மட்டும். எரிந்த எஞ்சின் ஆயில் என்றால் ஈயம், துத்தநாகம் கலந்திருக்கும். எந்த பாக்டீரியாவும் உலோகத்தைத் தின்று தீர்க்காது. அந்த இடத்தில் கீரை போடவே கூடாது.

அசோஸ்பைரில்லம் ஏன் இப்போது வேண்டாம் என்றால், ஒரு நைட்ரஜன் மூலக்கூறைப் பிளக்கக் குறைந்தது 16 ஏடிபி (உயிரணுவின் ஆற்றல் மூலக்கூறு) செலவாகும். பக்கத்திலேயே யூரியா கிடைக்கும்போது அது அந்தச் செலவைச் செய்யாது, நைட்ரஜனைப் பிளக்கும் நொதியை நிறுத்திவிடும்.

கேள்வி கேட்டவர்:
எப்போது விதைக்கலாம்?

பதில் 1:
வாடை போனதை மட்டும் நம்பாதீர்கள். லேசான பகுதி ஆவியாகிவிடும், கனமானது தங்கும். இந்த மண் ஒரு டப்பா, நல்ல மண் ஒரு டப்பா எடுத்து 20 பச்சைப்பயறு வீதம் ஊன்றி, ஐந்து நாளில் முளைப்பை எண்ணுங்கள். இரண்டும் சமமாக வந்தால் பசுந்தாள் உரப் பயிரான சணப்பை விதைக்கலாம். ஆறிய வடிகஞ்சியில் பயறு ரைசோபியத்தை (வேர் முடிச்சில் தங்கித் தழைச்சத்து பிடிக்கும் பாக்டீரியா) குழைத்து விதையில் புரட்டி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் செத்துவிடும். 40ஆம் நாள் ஒரு செடியை மண்ணோடு தோண்டி, வேர் முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பு என்றால் தழைச்சத்து பிடிக்கிறது. வெளுப்பாக இருந்தாலோ முடிச்சே இல்லாவிட்டாலோ யூரியா இன்னும் மிச்சம் இருக்கிறதா என்று முதலில் சந்தேகப்படுங்கள்.