12 வோல்ட் 2 ஆம்பியரில் 5000 வாட் எப்படி வரும்?

அம்மாபேட்டைக்காரன்: செவ்வாய்ப்பேட்டைத் தம்பி நேற்று இங்கே "5000 வாட் ஸ்பீக்கர் வாங்கினேன், கல்யாண மண்டபத்துக்கே போதும்" என்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அவர் போட்ட படத்திலேயே அடாப்டர் தெரிகிறது. 12 வோல்ட், 2 ஆம்பியர். பெருக்கினால் 24 வாட். 24 உள்ளே போகிற பெட்டியிலிருந்து 5000 எப்படி வெளியே வரும்?

செவ்வாய்ப்பேட்டை: அண்ணே, அட்டையில் பிஎம்பிஓ என்றுதானே போட்டிருக்கிறது? அது ஒரு கணம் வந்துபோகும் உச்சம். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் மின்சாரத்தைத் தேக்கிவைத்துத் தள்ளும். மொட்டை மாடியில் வைத்தால் மூன்று தெரு தள்ளிக் கேட்கிறது, காது பொய் சொல்லுமா?

அம்மாபேட்டைக்காரன்: தேக்கினாலும் 12 வோல்ட் 12 வோல்ட்தான். இந்த மாதிரிப் பெட்டி நாலைந்து பிரித்திருக்கிறேன், வோல்ட்டை ஏற்றும் சர்க்யூட் எதிலும் இல்லை. 4 ஓம் ஸ்பீக்கரில் 12 வோல்ட் முழுசாக இறங்கினாலும் 36 வாட், இரண்டு ஸ்பீக்கருக்கு 72. மீதி 4,928 எங்கே? பிஎம்பிஓவை அளக்கப் பொதுவான முறையே கிடையாது, வாய்க்கு வந்த எண்ணை அச்சடிக்கலாம். அமெரிக்காவில் 1974லேயே ஆம்ப்ளிஃபயருக்குத் தொடர்ந்து தரக்கூடிய வாட்டைச் சொல்லவேண்டும் என்று விதி போட்டார்கள். உங்கள் அட்டையில் ஆர்எம்எஸ், அதாவது அந்தத் தொடர்ந்து தரும் வாட், எவ்வளவு? அதைச் சொல்லுங்கள்.

ஏற்காட்டான்: வாட்டையே பிடித்துத் தொங்குகிறீர்கள். வாட் இரண்டு மடங்கானாலும் சத்தம் 3 டெசிபெல்தான், அதாவது கொஞ்சம்தான், கூடும். ஒரே வாட்டுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்கிற ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டியைப் பற்றி ஒரு வார்த்தை காணோம்.

அம்மாபேட்டைக்காரன்: எனக்குத் தெரியாததா? 22 வருஷம் மைக் செட் கட்டியிருக்கிறேன். கேள்வி 24 எப்படி 5000 ஆனது என்பது.

ஏற்காட்டான்: போன ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு எங்கள் மாமா தெருவில் உங்கள் செட் இரண்டு மணி நேரம் ஊமையாக நின்றது. முதலில் அதற்குப் பதில் சொல்லுங்கள்.

அம்மாபேட்டைக்காரன்: அது ஜெனரேட்டர் கோளாறு, ஜெனரேட்டர் பிடித்தது உங்கள் மாமா. பாதி வாடகை இன்னும் வரவில்லை.

ஏற்காட்டான்: பாதி நேரம் ஓடாத செட்டுக்குப் பாதி வாடகை சரிதான்.

செவ்வாய்ப்பேட்டை: இரண்டு பேரும் என் ஸ்பீக்கரை விடுங்கள். என் காசு, என் காது.

அம்மாபேட்டைக்காரன்: உங்கள் காசு போனதால்தான் கத்துகிறேன், தம்பி. 5000 வாட் இழுத்தால் 230 வோல்ட்டில் 21 ஆம்பியருக்கு மேல் ஓடும், வீட்டு 5 ஆம்பியர் பிளக் கருகிவிடும். ஞாயிற்றுக்கிழமை பெட்டியைக் கொண்டுவாருங்கள், மீட்டர் வைத்துக் காட்டுகிறேன்.

செவ்வாய்ப்பேட்டை: நான் எதற்கு வரவேண்டும்? நீங்கள் வந்து கேட்டுவிட்டுப் போங்கள்.

அம்மாபேட்டைக்காரன்: ஆர்எம்எஸ் எவ்வளவு என்று இன்னும் சொல்லவில்லை.