யசுனியில் வேண்டாம் என்றது யார்?

கேழ்வரகு (அஞ்செட்டி):
நேற்று இங்கே ஒரு மேதாவி எழுதியிருந்தார்: "மழைக்காட்டை அங்கே வாழும் சனங்கள் கையில் கொடுத்தால் போதும். ஈக்வடாரில் அவர்கள்தான் எண்ணெய்க்குத் தடை போட்டார்கள்." படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. யசுனி காட்டில் எண்ணெய் எடுப்பதை நிறுத்தலாமா என்று 2023 ஆகஸ்டில் நாடு முழுக்க வாக்கெடுப்பு நடந்தது. சுமார் 59 சதவீதம் பேர் நிறுத்தச் சொன்னார்கள், சரி. ஆனால் காடு இருக்கிற ஒரெயானா மாகாணத்தில் 'எடுக்கட்டும்' என்பவர்கள்தான் ஜெயித்தார்கள். காட்டுப் பக்கமே வராதவன் போட்ட ஓட்டு எப்படி உள்ளூர் ஆட்சி ஆகும்?

பரிசல்காரன் (பென்னாகரம்):
எழுதியவன் நான்தான் அண்ணா, பேரைச் சொல்லியே திட்டுங்கள். எண்ணெயை நம்பிக் குடியேறியவர்களும் ஒரெயானாவில் உண்டு, எல்லாரும் காட்டு மக்களா? அங்கத்திய காட்டுப் பழங்குடிகளான வவோரானி மக்கள் 2019-இல் பக்கத்து மாகாணமான பஸ்தாசாவின் நீதிமன்றத்தில் என்ன செய்தார்கள்? தங்களை முறையாகக் கலந்து பேசவில்லை என்று வாதாடி, சுமார் 5 லட்சம் ஏக்கர் காட்டை எண்ணெய் ஏலத்திலிருந்து மீட்டார்கள்.

கேழ்வரகு:
அது பஸ்தாசா. நான் கேட்டது ஒரெயானா.

மாங்கொட்டை (கிருஷ்ணகிரி):
ஈக்வடார் எதற்கு? ஒடிசாவின் நியம்கிரி மலைக்கு வாங்க. சுரங்கம் வேண்டுமா என்று கிராம சபைகளிடமே கேட்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். 2013-இல் 12 சபைகளும் வேண்டாம் என்றன. அங்கே வாழும் டோங்கிரியா கோந்த் பழங்குடி மக்களுக்கு அந்த மலை சாமி.

கேழ்வரகு:
மலையில் நூற்றுக்கும் மேல் ஊர். 12-ஐப் பொறுக்கியது மாநில அரசு. தவிர, நியம்கிரி எப்போது மழைக்காடு ஆனது? ஒரெயானாவுக்குப் பதில் வருமா, வராதா?

பரிசல்காரன்:
1992-இல் வனத்துறையும் போலீசும் தர்மபுரி மாவட்டத்து வாச்சாத்தியில் புகுந்து பழங்குடி மக்களைச் சூறையாடியதற்கு 2011-இல்தான் தண்டனை வந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர், அத்தனை பேரும் அரசு ஊழியர்கள். இந்தப் பக்கத்தில் பிறந்துவிட்டு அதிகாரிக்கு வக்காலத்து வாங்க உங்களால் எப்படி முடிகிறது?

கேழ்வரகு:
எந்த வரியில் வாங்கினேன், காட்டு. ராகி முற்றினால் பரண் மேல் விடிய விடியத் தகரம் தட்டுகிறவன் நான். போன தை மாதம் யானை பரணின் ஒரு காலை முறித்துவிட்டுப் போனது, மேலே நானும் மச்சானும். காட்டோரத்தில் இருப்பவன் என்ன நினைக்கிறான் என்று எனக்கே வகுப்பு எடுக்கிறாயா தம்பி?

மாங்கொட்டை:
2006 வன உரிமைச் சட்டத்தில் கிராம சபை என்றால் ஊராட்சிக் கூட்டம் இல்லை, குக்கிராம அளவில்கூடக் கூட்டலாம். அதை முதலில்...

கேழ்வரகு:
அக்டோபர் 2 கிராம சபையில் கையெழுத்துப் போட்டுவிட்டு மிக்சர் பொட்டலத்தோடு நழுவுகிறவர் சட்டம் பேசுகிறார். ஒரெயானா!

பரிசல்காரன்:
வாய்க்கு வந்ததைப் பேசாதீங்க.

கேழ்வரகு:
ஆடிப்பெருக்குக்கு மீன் குழம்பு என்று ஒகேனக்கல்லுக்கு வரச்சொல்லிவிட்டு போனை அணைத்தது யார்? குடும்பத்தோடு வந்து நின்றேன்.

பரிசல்காரன்:
அன்று ஆற்றில் வெள்ளம். பரிசலுக்கே தடை.

கேழ்வரகு:
தடை பரிசலுக்கு. போனுக்குமா?