புதுப்பிப்பு: ராமேஸ்வரம் ஒரு நாள் சுற்று, வரிசை மாறுகிறது

முதல் பதிவில் காலையில் கோவில், மதியம் தனுஷ்கோடி, மாலையில் பாம்பன் என்று போட்டிருந்தேன். அதில் மதியத் தனுஷ்கோடிதான் தவறு. தனுஷ்கோடிச் சாலை முடியும் அரிச்சல்முனையில் ஒதுங்க நிழலே கிடையாது, மணல் காலைச் சுட்டுவிடும். மாலைக்குத் தள்ளினாலும் சிக்கல்: இருட்டுவதற்குள் சோதனைச் சாவடியில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள்.

ஆகவே விடியலிலேயே தனுஷ்கோடி. ஊரிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். சாலையின் இருபுறமும் கடலைப் பாருங்கள்: வடக்கே அடங்கியிருப்பது பெண் கடல், தெற்கே சீறுவது ஆண் கடல். கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் இந்த வித்தியாசம் அப்பட்டமாகத் தெரியும். முனையில் குளிக்க இறங்கவே வேண்டாம், நீரோட்டம் இழுத்துவிடும். 1964 புயலில் சிதைந்த தேவாலயத்தைத் திரும்பும்போது பாருங்கள். குடிசைக் கடைகளில் மீனைத் தேர்ந்தெடுத்து, விலை பேசிய பிறகே பொரிக்கச் சொல்லுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை; அப்போது நாட்டுப்படகு மீன்தான், விலையும் கூடும்.

அடுத்து கோவில். முதலில் அக்னி தீர்த்தக் கடலில் குளியல், பிறகு உள்ளே 22 தீர்த்தங்களில் நீராடல், உடை மாற்றி, கடைசியாகச் சன்னதி. ஈர உடையோடு சன்னதிக்குள் விடமாட்டார்கள், மாற்றுடை கட்டாயம். பிரகாரத் தரை வழுக்கும், முதியவர்களின் கையை விடாதீர்கள்.

பாம்பன் சாலைப் பாலத்தில் வண்டியை நிறுத்தாதீர்கள். 2025-இல் திறந்த புதுத் தூக்குப் பாலத்தை ரயிலில் போனால் நிதானமாகப் பார்க்கலாம்.