கீற்று மரப் படகு: எபாக்ஸியில் குமிழும் பிசுக்கும்

கேள்வி:
16 அடி கனூ (துடுப்புப் படகு), 6 மி.மீ. செடார் மரக் கீற்றுகள், வடிவம் பிடிக்க 30 செ.மீ.க்கு ஒரு அச்சுப் பலகை. வெளிப்புறத்தில் சதுர மீட்டருக்கு 200 கிராம் கண்ணாடி இழைத்துணி விரித்து, காலை 10 மணிக்கு எபாக்ஸி (ஹார்டனர் கலந்தால் இறுகும் பிசின்) பூசினேன். மதியம் துணிக்கடியில் குமிழ்கள். மறுநாள் மேலே மெழுகு போலப் பிசுக்கு. கலவை தப்பா?

பதில் 1:
கலவை இல்லை அண்ணே, நேரம்தான் தப்பு. வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து துணியைத் தூக்கிவிடும். மாலை 5 மணிக்குமேல், சூடு இறங்கும்போது பூசுங்கள். மரமே பிசினை உள்ளே இழுக்கும். பிசுக்கு நம்மூர் ஈரப்பதத்தின் வேலை. வெதுவெதுப்பான தண்ணீரில் ஸ்காட்ச்-பிரைட் தேய்ப்பு நாரால் தேய்த்துக் கழுவி, காய்ந்தபிறகே உப்புத்தாள் போடுங்கள். கழுவாமல் தேய்த்தால் தாள் அடைத்துக்கொள்ளும், அடுத்த பூச்சும் ஒட்டாது.

பதில் 2:
மெதுவாக இறுகும் ஹார்டனர் வாங்குங்கள். ஒரு தடவைக்கு 200 மி.லி. போதும். கலந்ததும் அகலமான தட்டில் ஊற்றிவிட வேண்டும். குவளையிலேயே விட்டால் சூடேறிப் புகையும். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டாதீர்கள், கடைசிவரை கொழகொழதான்.

கேள்வி கேட்டவர்:
இறுகிவிட்ட குமிழ்களுக்கு?

பதில் 2:
வெட்டி எடுத்து, ஓரத்தை 80 நம்பர் தாளால் சரிவாக்கி, சற்றுப் பெரிய துண்டு ஒட்டுங்கள்.

பதில் 3:
எல்லாம் முடிந்ததும் புறஊதாத் தடுப்பு வார்னிஷ் கட்டாயம். வெறும் எபாக்ஸி வெயிலில் மஞ்சளாகி உதிரும். அப்புறம், சிங்கப்பூர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடு என்றால் மின்தூக்கியை அளந்தீர்களா? 16 அடி நுழையாது!