சைக்ளடீஸ் நடைப்பயணம்: நான்கு தீவுகளா, ஒன்றே போதுமா?

வெண்படகு:
செப்டம்பர் பிற்பகுதியில் கிடைக்கும் பன்னிரண்டு நாள் விடுப்பில், கிரேக்கத்தின் சைக்ளடீஸ் தீவுக்கூட்டத்திலுள்ள ஆன்ட்ரோஸ், நாக்ஸோஸ், அமொர்கோஸ், சாந்தோரினி ஆகிய நான்கு தீவுகளையும் நடந்து பார்க்க எண்ணியிருக்கிறேன். முதுகுப்பையுடன் நாள்தோறும் ஐந்தாறு மணி நேரம் நடக்க முடியும். இத்திட்டம் சரிவருமா?

தணிகை:
சரிவராது. வரைபடத்தில் இத்தீவுகள் அருகருகே தெரிந்தாலும், ஆன்ட்ரோஸுக்கு ஏதென்ஸ் அருகிலுள்ள ராஃபினா துறைமுகத்திலிருந்து கப்பலேற வேண்டும்; அமொர்கோஸுக்குச் செல்லும் பெரிய கப்பல்களோ ஏதென்ஸின் முதன்மைத் துறைமுகமான பிரேயஸிலிருந்து புறப்படுகின்றன. அறையைக் காலி செய்து, துறைமுகத்தில் காத்திருந்து, இறங்கிய இடத்திலிருந்து மலையூருக்குப் பேருந்து பிடித்துச் சேர்வதற்குள் ஒரு பகல் போய்விடும். இடையில் மூன்று மாற்றங்கள், போக வர இரண்டு நாள் என்று கணக்கிட்டால், நடப்பதற்கு ஒரு வாரந்தான் மிஞ்சுகிறது. ஆன்ட்ரோஸில் மட்டுமே, ஐரோப்பியத் தரச்சான்று பெற்ற சுமார் 100 கிலோமீட்டர் நெடும்பாதை இருக்கிறது. அதை வடக்கிலிருந்து தெற்காக நிதானமாக நடந்தாலே விடுப்பு நிறைவாகக் கழியும்.

நெய்தல்:
தணிகை ஐயாவின் கணக்கில் பிழையில்லை. ஆனால் நண்பர் கிலோமீட்டர் சேர்ப்பதற்காகப் போகவில்லையே. ஆன்ட்ரோஸில் ஓடைகள் உண்டு. அங்கே சாந்து பூசாத கற்சுவர்களில் பெரிய பலகைக்கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, இடைவெளிகளைச் சிறு கற்களால் நிரப்பியிருப்பார்கள். நாக்ஸோஸுக்கு வந்தால் அப்பெய்ராந்தோஸ் ஊரின் தெருக்களே பளிங்கு பாவியவை. ஃபிலோட்டி ஊருக்கு மேலுள்ள ஆரியா ஊற்றிலிருந்து புறப்பட்டு, குகையைக் கடந்து, காலடியில் சரியும் கற்களின் மீதேறினால் சைக்ளடீஸின் மிக உயர்ந்த சிகரமான ஸாஸை (சுமார் 1,000 மீட்டர்) அடையலாம். சாந்தோரினியிலோ எரிமலை வெடித்துக் குழிந்த பள்ளத்தில் கடல் புகுந்து நிற்க, அதன் விளிம்பிலேயே ஃபிராவிலிருந்து ஒயா வரை பத்துக் கிலோமீட்டர் நடக்கிறோம். ஒரே தீவில் தங்கியவருக்கு இந்த வேறுபாடு எப்படிப் புலப்படும்?

தணிகை:
புலப்படும்தான், காற்று இடங்கொடுத்தால். மெல்டெமி என்னும் வடகாற்று ஜூலை, ஆகஸ்டில் உச்சம் பெற்றாலும் செப்டம்பரிலும் வீசக்கூடியது. காற்றின் வலிமையைக் குறிக்கும் பொஃபோர்ட் அளவில் அது 8-ஐ எட்டும்போது பொதுவாகக் கப்பல்களுக்குத் தடை விதிக்கப்படும்; விரைவுப் படகுகள் அதற்கு முன்பே நின்றுவிடும். நாக்ஸோஸிலிருந்து இராக்லியா, ஸ்கினூஸா, கூஃபோனீசியா வழியாக அமொர்கோஸுக்குச் செல்லும் ஸ்கோபெலிடிஸ் என்னும் கப்பல் சிறியது. அலை கிளம்பினால் வயிறு கலங்கும். நான்கு தீவுத் திட்டத்தில் ஒரு சேவை தவறினால், பின்னால் பதிவு செய்த அறைகள் எல்லாம் வரிசையாகச் சரியும். ஃபிரா–ஒயா பாதையில் உல்லாசக் கப்பல் கூட்டத்திற்கு வழிவிட்டு நடப்பதற்காகவா இவ்வளவு பாடு?

மலைச்சாரல்:
வெயிலையும் மறந்துவிட வேண்டாம். 2024 ஜூனில் சிமி என்னும் கிரேக்கத் தீவில் பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொகுப்பாளர் மைக்கேல் மோஸ்லி கடும் வெப்பத்தில் தனியே நடந்து சென்று உயிரிழந்தார். செப்டம்பர் இறுதியில் வெப்பம் தணிந்திருந்தாலும், கோடை முழுவதும் மழையின்றிப் பல ஊற்றுகள் வற்றியிருக்கும். ஆகவே வரைபடத்தில் ஊற்று என்று குறித்திருப்பதை நம்பித் தண்ணீரைக் குறைத்துக்கொள்ளலாகாது. பாதையின் குறுக்கே ஆட்டுப்பட்டிக் கதவுகள் கம்பியால் கட்டப்பட்டிருக்கும். அவிழ்த்தவர் மீண்டும் கட்டிவிட்டுப் போவதுதான் அங்குள்ள முறை.

நெய்தல்:
சாந்தோரினியை விட்டுவிடலாம், அதில் எனக்கு வருத்தமில்லை. அமொர்கோஸை மட்டும் விட ஒப்ப மாட்டேன். கடலுக்கு மேல் ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்தில், செங்குத்துப் பாறையோடு வெள்ளைச் சுவராக ஒட்டிக்கொண்டிருக்கும் 11-ஆம் நூற்றாண்டின் ஹோஸோவியோடிஸா மடத்தைக் கடந்து, மலைமுதுகின் மேல் ஏகியாலி ஊர் வரை செல்லும் பழைய பாதைக்கு நான்கைந்து மணி நேரம் பிடிக்கும். வழியில் நிழலும் கிடையாது, கடையும் கிடையாது. ஒரு நாள் கப்பல் தவறினாலும் இதற்காகப் பொறுக்கலாம்.

வெண்படகு:
அப்படியானால் ஆன்ட்ரோஸையும் சாந்தோரினியையும் நீக்கிவிட்டு, பிரேயஸ் – நாக்ஸோஸ் – அமொர்கோஸ் – பிரேயஸ் என்று வைத்துக்கொள்கிறேன்.

தணிகை:
இரண்டு தீவு என்றாலும் எனக்கு ஒன்று அதிகம்தான். போவதென்று முடிவானால் அமொர்கோஸுக்கு முதலில் போய்விடுங்கள். நாக்ஸோஸுக்குக் கப்பல்கள் அதிகம் என்பதால், திரும்பும் நாள் அங்கிருந்து அமைவது பாதுகாப்பு. விமானத்திற்கு முந்தைய இரவை ஏதென்ஸில் கழியுங்கள்.