உச்சிக்குழி ஸ்கானா, கழியொலிப் படமா?

எல்லாருக்கும் வணக்கம். குறைமாசப் பிள்ளையளின்ர தாய்மாருக்குக் குடுக்கிற துண்டுப்பிரசுரம் ஒண்டைத் தமிழாக்கிறன், சிங்களப் பிரதி அச்சுக்குப் போயிட்டுது, தமிழ் திங்கக்கிழமைக்கு முதல் வேணுமாம். 32 கிழமைக்கு முதல் பிறக்கிற பிள்ளையளுக்கு மூளைக்குள்ள இரத்தம் கசியிற ஆபத்து இருக்கு, அநேகமா முதல் மூண்டு நாளுக்குள்ளதான் கசியும், பிறகு மூளையறை (மூளைக்குள்ள நீர் நிக்கிற இடம்) பெருக்குதோ எண்டு உச்சிக்குழியில கருவியை வச்சுத் திரும்பத் திரும்பப் பாக்கினம். அந்தப் பார்வைக்கு என்ன சொல் போடலாம்? இப்ப 'தொடர் மண்டைக் கழியொலி வரைவு' எண்டு எழுதியிருக்கிறன் (கழியொலி எண்டா அல்ட்ராசவுண்ட்), வாயில நிக்குதில்லை. இதுவரை தமிழாக்கினதை இதோட இணைச்சிருக்கிறன்.

—

தங்கச்சி, கழியொலியைக் கைவிடாதேங்கோ. தமிழ்நாட்டில மீயொலி எண்டுவினம், எங்கட பிள்ளையள் படிக்கிறது கழியொலி, கழியூதா (அல்ட்ராவயலட்) எண்டுதான். தொல்காப்பியம் மிகுதிக்கு உறு, தவ, நனி எண்டு சொல்ல, நன்னூல் 'சால உறு தவ நனி கூர் கழி மிகல்' எண்டு கழியையும் சேர்க்குது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில அமெரிக்க மிசனறி கிறீன் வைத்தியர் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழில மருத்துவம் படிப்பிச்சவர், நாங்கள் இப்ப ஸ்கானுக்குப் போறதோ?

—

ஐயா, நான் குறைமாசப் பிள்ளையளின்ர வார்டில வேலை செய்யிறன். கொட்டாஞ்சேனையில இருந்து வாற தாய் 'கழி' எண்டு வாசிச்சா பிள்ளைக்கு வயித்தால போகுதெண்டுதான் நினைப்பா. இன்குபேட்டர் கதவுக்குள்ளால கையை விட்டு, ஜெல் பூசின கருவியை உச்சியில மெல்ல வைக்கேக்க அவ கேக்கிறது நோகுமோ, எக்ஸ்ரே மாதிரிக் கதிர் படுமோ, நேற்று எடுத்ததை ஏன் இண்டைக்கும் எடுக்கிறியள் எண்டுதான். நோகாது, கதிரும் இல்லை. திரையில புது இரத்தம் வெள்ளையாத் தெரியும், மூளையறை நீர் கறுப்பு, அந்தக் கறுப்பு அகலிச்சுக்கொண்டு போகுதோ எண்டு அளந்து பாக்கிறம், தலைச் சுற்றளவையும் அளக்கிறம். உச்சிக்குழி எல்லா அம்மாவுக்கும் தெரிஞ்ச சொல். 'உச்சிக்குழி ஸ்கான்' எண்டே போடுங்கோ.

—

நானும் அக்கா பக்கம்தான். ஆனா உங்கட தமிழ்ப் பிரதியில 'தரம் 4 கசிவு' எண்டு கிடக்கே, அதை முதல்ல மாத்துங்கோ. கசிவு எவ்வளவு மோசம் எண்டு 1978இல வகுத்த நாலு பிரிவு அது, நாலாவதில இரத்தம் மூளை இழையத்துக்குள்ளயும் இருக்கும், அதுதான் மிகப் பாரதூரம். தரம் எண்டா எங்கட ஆக்களுக்குப் பள்ளிக்கூட வகுப்பு, இல்லாட்டி நல்ல சாமான். தரம் கூடினா நல்லமெண்டு ஒரு தாய் நினைச்சிடக் கூடாது. 'படி' எண்டு போடலாமே?

—

சரி, கூடுதலான ஆக்கள் சொன்னபடி 'உச்சிக்குழி ஸ்கான்', முதல் பக்கத்தில ஒருக்கா மட்டும் 'கழியொலிப் படம்'. தரம் எல்லாத்தையும் 'படி'யா மாத்திப்போட்டன். நாளைக்கு அனுப்பப்போறன்.

—

படி நல்ல சொல், அதுக்கு நான் மறுப்பில்லை. ஸ்கானுக்கு என்ர மறுப்பு மறுப்புத்தான். ஒருக்கா அச்சில ஏறினா அடுத்த பதிப்பிலயும் அதுதான் வரும், தங்கச்சி.